கரையில் கிடக்கும் துணி

மம்சாபுரத்தில் வளர்ந்த பெண்ணுக்குக் குளிப்பது ஒரு வித்தை. பாவாடையை மாருக்கு மேலே ஏற்ற வேண்டும். நாடாவின் ஒரு நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு, மறுநுனியைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட வேண்டும். உள்ளே கையை விட்டு சோப்புப் போட வேண்டும். நனைந்த பாவாடைக்கு மேலே காய்ந்த பாவாடையைத் தலைவழியே போட்டு, நனைந்ததைக் கீழே நழுவ விட வேண்டும். இத்தனையும் நடக்கும்போது உடம்பில் ஓர் அங்குலம் வெளியே தெரியக் கூடாது. தோட்டத்துக் கிணற்று பம்ப்செட்டிலும் கண்மாய்க் கரையிலும் எங்கள் அம்மாக்கள் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் இது. நீச்சல் இரண்டாவது பாடம். பலருக்கு அந்த இரண்டாவது பாடம் வரவே இல்லை.

அதே பம்ப்செட்டில் ஆண்கள் ஒரு துண்டோடு, சில நேரம் அதுவும் இல்லாமல், தொட்டிக்குள் குதிப்பார்கள். நாங்கள் வருவது தெரிந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியது நாங்கள்தான்.

உடையில்லாமல் வெயிலிலும் காற்றிலும் தண்ணீரிலும் இருப்பது மனிதருக்கு நல்லது என்று நம்பி, அதையே வாழ்க்கைமுறையாக வைத்துக்கொண்டவர்கள் உலகில் உண்டு. ஆங்கிலத்தில் இதற்கு நேச்சுரிசம் என்று பெயர். கணவனும் மனைவியுமாக, கோடையில் கடற்கரைக்கும் குளிர்காலத்தில் மூடிய நீச்சல் குளத்துக்கும் ஆண்டு முழுக்கத் திட்டம் போட்டுப் போய் வருபவர்கள் ஐரோப்பாவில் ஏராளம். இதைக் கேட்டதும் எங்கள் ஊரில் சிரிப்பு வரும், அல்லது கோபம் வரும். எனக்கு வந்தது ஒரு கேள்வி: இந்த இயக்கத்தின் வரலாற்றில் பெண் எங்கே இருந்தாள்?

1891: தானேயில் மூன்று ஆண்கள்

பதிவுகளில் கிடைக்கும் முதல் நேச்சுரிச சங்கம் ஜெர்மனியிலோ பிரான்சிலோ தொடங்கப்படவில்லை. அது தொடங்கியது இந்தியாவில். 1891இல், பம்பாய்க்குப் பக்கத்தில் தானேயில், சார்லஸ் எட்வர்ட் கார்டன் கிராஃபோர்ட் என்ற ஆங்கிலேய மாவட்ட நீதிபதி 'ஃபெலோஷிப் ஆஃப் தி நேக்கட் டிரஸ்ட்' என்ற பெயரில் அதை ஆரம்பித்தார். அவர் மனைவியை இழந்தவர். இங்கிலாந்தில் இருந்த எழுத்தாளர் எட்வர்ட் கார்பென்டருக்கு அவர் எழுதிய கடிதங்கள் மூலம்தான் இந்தச் சங்கத்தைப் பற்றி நமக்குத் தெரிகிறது. உறுப்பினர்கள் மொத்தம் மூன்று பேர். மற்ற இருவரும் ஒரு மிஷனரியின் மகன்கள். துளசி ஏரிப் பக்கம் போய் உடையில்லாமல் பொழுதைக் கழித்திருக்கிறார்கள். நீதிபதிக்கு ரத்தினகிரிக்கு மாற்றல் வந்ததும் சங்கம் முடிந்துபோனது.

மூவரும் வெள்ளையர், மூவரும் ஆண்கள். சட்டம் யாரைத் தண்டிக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் நாற்காலியில் இருந்தவரே தலைவர். இந்தியாவின் வெயில் அவர்களுக்கு உடையைக் கழற்ற ஒரு காரணம் கொடுத்தது. அவர்களுடைய பதவியும் நிறமும் அதற்கான பாதுகாப்பைக் கொடுத்தன.

அதே 1891ஆம் ஆண்டு மார்ச் மாதம், அதே அரசு சம்மத வயதுச் சட்டத்தை நிறைவேற்றியது. பெண்ணோடு உடலுறவு கொள்வதற்கான வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்திய சட்டம் அது. அதற்கு முந்தைய ஆண்டு வங்காளத்தில் ஃபுல்மோனி தாசி என்ற சிறுமி, தன்னைவிடப் பல ஆண்டுகள் மூத்த கணவனின் வன்புணர்வால் இறந்துபோனாள். பன்னிரண்டு வயது என்பதைக்கூட நம் மதத்தில் தலையிடுவதாகச் சொல்லித் தலைவர்கள் எதிர்த்தார்கள். ஒரே ஆண்டில், ஒரே ஆட்சியின் கீழ், மூன்று ஆண்கள் தங்கள் உடலின் விடுதலையை ஏரிக்கரையில் கொண்டாடினார்கள். இந்தியச் சிறுமியின் உடல் யாருக்குச் சொந்தம் என்று ஆண்கள் விவாதித்தார்கள். அந்த விவாத மன்றத்தில் ஒரு பெண்ணும் இல்லை.

மூடுவதற்கு ஒரு போராட்டம்

உடை என்பது இயற்கைக்கு எதிரான சுமை, அதைக் கழற்றினால் எல்லோரும் சமம் என்பது நேச்சுரிசத்தின் அடிப்படை நம்பிக்கை. நம் மண்ணில் இதைச் சொன்னால் நம் பாட்டிகள் ஏற்க மாட்டார்கள். எங்கள் ஊருக்குத் தெற்கே, இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூர் ராஜ்ஜியத்தில் இருந்தது. அங்கே நாடார் பெண்களும் அவர்களுக்குக் கீழே வைக்கப்பட்ட சாதிப் பெண்களும் மேலாடை போடக் கூடாது என்பது வழக்கம். உயர்சாதியினர் முன்னால் மார்பைத் திறந்து காட்டுவது மரியாதையாம்.

அந்த வழக்கத்தைப் பெண்கள் உடைத்தார்கள். முதலில் கிறிஸ்தவத்துக்கு மாறிய பெண்கள் குப்பாயம் என்ற மேல்சட்டையைப் போட்டார்கள். 1820களில் சந்தையிலும் தெருவிலும் அவர்களுடைய சட்டைகள் கிழிக்கப்பட்டன. 1829இல் வந்த அரசு அறிவிப்பு குப்பாயத்தை அனுமதித்துவிட்டு, உயர்சாதிப் பெண்களைப் போலத் தோளில் சீலை போடுவதைத் தடுத்தது. 1858–59இல் மறுபடியும் கலவரம் மூண்டது. பெண்கள் தாக்கப்பட்டார்கள், பள்ளிக்கூடங்களும் ஜெபக்கூடங்களும் எரிந்தன. கடைசியில் சென்னை கவர்னர் டிரெவெலியனின் நெருக்குதலுக்குப் பிறகு, 1859 ஜூலை 26இல் நாடார் பெண்கள் எல்லோரும் மேலாடை அணியலாம் என்ற அறிவிப்பு வந்தது. அப்போதும் உயர்சாதியினர் அணிவதைப் போல அணியக் கூடாது என்ற நிபந்தனை நீங்கவில்லை.

இந்தத் தோள்சீலைப் போராட்டத்துக்கும் தானே நீதிபதியின் சங்கத்துக்கும் இடையே 32 ஆண்டுகள்தான். ஓரிடத்தில் திறந்த உடல் விடுதலை. இன்னோரிடத்தில் அதே திறந்த உடல் அடிமைத்தனத்தின் முத்திரை. துணியில் விடுதலையும் இல்லை, அடிமைத்தனமும் இல்லை. அதைப் போடுவதா கழற்றுவதா என்று முடிவெடுப்பது யார் என்பதில்தான் இரண்டும் இருக்கின்றன. உரிமையோடு போட முடியாதவளுக்கு, உரிமையோடு கழற்றுவது என்ற பேச்சே கிடையாது.

தம்பதியின் விடுமுறை

ஐரோப்பாவில் இந்த இயக்கம் இருபதாம் நூற்றாண்டில் வேர்விட்டது. 1931இல் பிரான்சின் லெவான் தீவில் துர்வில் என்ற இரண்டு மருத்துவச் சகோதரர்கள் ஹெலியோபோலிஸ் என்ற நேச்சுரிச ஊரை அமைத்தார்கள். 1950இல் அட்லாண்டிக் கரையில் மோந்தலிவே என்ற இடத்தில் பெரிய விடுமுறை மையம் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்கள் ஒரு தம்பதி: ஆல்பர் லெகோக், கிறிஸ்டியன் லெகோக். 1953இல் சர்வதேச நேச்சுரிஸ்ட் கூட்டமைப்பும் அங்கேதான் உருவானது.

தனி ஆண்களின் சங்கமாக இருந்தது, தம்பதியும் குழந்தைகளுமாகப் போகும் இடமாக மாறியது. இந்த மாற்றம் முக்கியமானது. யாரையும் உற்றுப் பார்க்கக் கூடாது, கேட்காமல் படம் எடுக்கக் கூடாது என்பது அங்கே விதி. பெண்கள் அங்கே வந்ததற்குக் காரணம் துணி இல்லாதது அல்ல, இந்த விதி இருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

நம் நாட்டில் அந்த விதி இல்லை. 1970களில் கோவாவின் அஞ்சுனா கடற்கரையில் ஹிப்பிகள் உடையில்லாமல் வெயில் காய்ந்தார்கள். அவர்களைப் பார்ப்பதற்கென்றே நம் ஆண்கள் கூட்டம் கூட்டமாகச் சுற்றுலா போனார்கள். 1974இல் புரோதிமா பேடி உடையில்லாமல் ஓடிய படம் ஒரு சினிமாப் பத்திரிகையில் வந்தது. பின்னாளில் பெங்களூர் அருகே நிருத்யகிராமத்தை உருவாக்கி ஒடிசி நடனத்துக்கு வாழ்க்கையையே கொடுத்தார். ஆனாலும் 1998இல் மானசரோவர் யாத்திரையில் நிலச்சரிவில் இறந்த பிறகும், அந்த ஒரு படத்தை வைத்தே அவரை அறிமுகம் செய்தார்கள்.

2020 நவம்பரில் ஒரே வாரத்தில் கோவாவில் இரண்டு சம்பவங்கள். நடிகர் மிலிந்த் சோமன் தன் 55ஆவது பிறந்தநாளுக்கு, கடற்கரையில் உடையில்லாமல் ஓடும் படத்தை வெளியிட்டார். படத்தை எடுத்தது அவருடைய மனைவி. அதே நாட்களில் நடிகை பூனம் பாண்டே ஓர் அணைக்கட்டில் எடுத்த வீடியோவுக்காக வழக்கு. இரண்டும் ஒரே மாதிரியான செயல் அல்ல, இடமும் வேறு, நோக்கமும் வேறு. இருவர் மீதும் வழக்குப் பதிவானது என்பதும் உண்மை. ஆனால் கைதானவர் பூனம். மிலிந்துக்கு இந்த வயதிலும் இப்படி ஓர் உடம்பா என்ற பாராட்டும் சேர்ந்து கிடைத்தது. அந்தக் கடற்கரைப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், சட்டகத்துக்கு வெளியே கேமராவோடு நின்ற மனைவியைத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன். இடங்கள் மாறி இருந்தால் அந்தப் பாராட்டு வந்திருக்குமா?

எங்கள் ஊர்த் தம்பதிகளும் ஆண்டு முழுக்க இயற்கையைத் தேடிப் போகிறவர்கள்தான். ஆனி, ஆடியில் சாரல் விழுந்தால் குற்றாலம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோயில் ஆறு. அமாவாசைக்குச் சதுரகிரி. அருவியில் ஆண் ஒரு ஜட்டியோடு அரைமணி நேரம் நின்று, உடம்பெல்லாம் லேசாகி வெளியே வருவார். மனைவி ஐந்தரை மீட்டர் சேலையோடு பெண்கள் பகுதியில் நெரிசலில் நனைவார். ஈரச் சேலையின் கனத்தோடு, முந்தானையைப் பிடித்துக்கொண்டு, குழந்தையையும் பிடித்துக்கொண்டு திரும்பி வருவார். கணவரின் காய்ந்த வேட்டி எந்தப் பையில் இருக்கிறது என்பதும் அவருக்குத்தான் தெரிய வேண்டும். உடை மாற்ற மூன்று பெண்கள் சேர்ந்து ஒரு சேலையைத் திரையாகப் பிடிப்பார்கள். அந்தத் திரைக்கு அந்தப் பக்கம் இன்று கைபேசிகள் இருக்கின்றன.

ஆண்டாள் கேட்ட துணி

இந்தக் காட்சியை எங்கள் பக்கத்து ஊர்க்காரி ஒருத்தி முன்பே பாடிவிட்டாள். எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவளாக அறிஞர்கள் கணிக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள். திருப்பாவையின் மார்கழி நீராட்டு எல்லோருக்கும் தெரியும். மார்கழியில் எண்ணெய்க்காப்பு உற்சவத்துக்கு இன்றும் அவளைத் திருமுக்குளத்துக்கு எழுந்தருளச் செய்கிறார்கள். அவளுடைய நாச்சியார் திருமொழி அவ்வளவாக வீடுகளில் ஒலிப்பதில்லை. அதன் மூன்றாவது பதிகம் முழுக்க, குளிக்கும் பெண்கள் கண்ணனிடம் தங்கள் துணியைத் திருப்பிக் கேட்பதுதான்.

பக்தியோடு மட்டும் படித்தால் அது விளையாட்டு. பம்ப்செட்டில் குளித்து வளர்ந்தவள் படித்தால் அதில் வேறொன்றும் கேட்கும். அந்தப் பெண்கள் சேவல் கூவுவதற்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். யாரும் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான். எங்கள் ஊர்ப் பெண்கள் இருட்டோடு கண்மாய்க்குப் போனதும் அதற்காகத்தான். தண்ணீருக்குள்ளே மீன் காலைக் கடிக்கிறது, தாமரைத் தண்டு காலில் சுற்றித் தேள் கொட்டியதுபோல வலிக்கிறது. வெளியே வர முடியவில்லை. துணி குருந்த மரத்தின் மேல். அண்ணன்மார் வேலோடு வந்துவிடுவார்கள் என்று மிரட்டிப் பார்க்கிறார்கள். நீ குரங்குகளுக்கு ராஜாவா என்று கேலி செய்கிறார்கள். உன் அம்மா உன்னைக் கண்டிப்பதே இல்லை என்று குறைபடுகிறார்கள். மகனைக் கண்டிக்காத அம்மா என்ற இந்தப் புகாருக்கு ஆயிரம் ஆண்டு வயது.

ஆண்டாள் தண்ணீரையோ, உடலையோ, குளிக்கும் ஆசையையோ ஓரிடத்திலும் குறை சொல்லவில்லை. குறை, கரையில் வைத்த துணியை எடுத்துக்கொண்டு மரத்தின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பவன் மேல்தான்.

மரத்தில் இருப்பவனைச் சட்டம் பார்க்க ஆரம்பித்தது மிகச் சமீபத்தில். 2013இல்தான், பெண் தனிமையில் இருப்பதை ஒளிந்து பார்ப்பதும் படம் எடுப்பதும் தனிக்குற்றம் என்று இந்திய தண்டனைச் சட்டத்தில் 354சி பிரிவு சேர்ந்தது. இன்று அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு. 2023 ஜூனில், தன் திறந்த மார்பில் பிள்ளைகளை ஓவியம் வரையச் சொன்ன ரெஹானா ஃபாத்திமா மீதான வழக்கைக் கேரள உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. புலிக்களியில் ஆண்கள் வெற்று உடலில் வண்ணம் பூசி ஆடுவதை ஏற்றுக்கொள்ளும் சமூகம், பெண்ணின் உடலை மட்டும் எப்போதும் ஆபாசமாகப் பார்ப்பது ஏன் என்று தீர்ப்பு கேட்டது.

மணிப்பூரில், மனோரமா கொல்லப்பட்ட பிறகு, 2004 ஜூலை 15இல் பன்னிரண்டு தாய்மார்கள் காங்லா கோட்டை வாசலில் உடையைக் களைந்து நின்றார்கள். அவர்களுக்கு அது விடுமுறை அல்ல. ஆனால் முடிவு அவர்களுடையது. இந்த நாட்டில் பெண் தானே முடிவெடுத்து உடையைக் களைந்த இடத்தை வரலாற்றில் தேடினால், கடற்கரைக்கு முன்னால் ஒரு ராணுவ வாசல்தான் நமக்கு நினைவுக்கு வருகிறது.

மம்சாபுரத்துப் பெண்கள் நாளைக்கே உடையில்லாமல் அருவிக்குப் போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரு நாள், ஒரு மணி நேரம், யாரும் பார்க்காத தண்ணீரில், பாவாடை நாடாவைப் பல்லால் கடிக்காமல் குளித்தால் உடம்பு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளும் உரிமையைத்தான் கேட்கிறேன். என் அம்மாவிடம் இதைக் கேட்டேன். எழுபது வயதாகிறது. கொஞ்ச நேரம் யோசித்தார்.

"சின்னப் பிள்ளையில ஒரு தடவை, பெரிய மழை பெய்ஞ்சு கம்மாய் நிறைஞ்சப்ப" என்றார். "அதுக்கப்புறம் இல்ல."