கேள்வி தெரிந்த தேர்வு

அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வு என்றாலே இங்கே பிறந்த நம் பிள்ளைகளுக்குச் சிரிப்பு. கேள்வி முன்பே தெரியும், பதிலையும் அரசாங்கமே அச்சடித்துக் கொடுக்கிறது, அப்புறம் எதற்கு அதற்குத் தேர்வு என்று பெயர் என்று என் பேரன் கேட்கிறான். கும்பகோணத்தில் பெண்கள் பள்ளியில் வரலாறு நடத்திய காலமெல்லாம், மேசைக்கு அடியில் நோட்ஸை வைத்து ஒப்பிக்கிற பிள்ளைகளோடு மல்லுக்கட்டியவள் நான். பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போடுவது கூடாது என்பதுதான் இன்றைக்கும் என் கட்சி. ஆனால் இந்த ஒரு தேர்வில் மனப்பாடத்துக்கு நான் பரிந்து பேசுவேன். கேள்வி தெரியாமல் போய் நின்ற காலத்தில் என்ன நடந்தது என்பதைப் படித்தவர்கள் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

நான் வசிக்கும் எடிசன் ஊரில் சனிக்கிழமைகளில் நம் பெரியவர்கள் சிலருக்கு இந்தப் பாடத்தைச் சொல்லித் தருகிறேன். மகனோ மகளோ கிரீன் கார்டு எடுத்துக் கொடுத்து வந்தவர்கள். அரசியல் சட்டத்தில் எத்தனை திருத்தங்கள் என்றால் 27 என்று டக்கென்று சொல்வார்கள். அதற்குப் பின்னால் உள்ள கதையை நான் ஆரம்பித்தால், "டீச்சர், அது கேள்வியில இல்லையே" என்பார்கள். அந்தக் கேள்வியில் இல்லாத கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த நாட்டின் முதல் குடியுரிமைச் சட்டம் 1790இல் வந்தது. தேர்வு என்ற பேச்சே அதில் கிடையாது. இரண்டு ஆண்டு இங்கே வசித்திருக்க வேண்டும், நல்ல நடத்தை வேண்டும், நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், அடிமையாக இல்லாத வெள்ளையராக இருக்க வேண்டும். 1795இல் இரண்டு ஆண்டை ஐந்தாக்கினார்கள். 1798இல் வெளிநாட்டார் மீதிருந்த பயத்தில் பதினான்காக்கினார்கள். 1802இல் திரும்பவும் ஐந்து. கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருஷம் காத்திருக்கிறோமே, அந்தக் கணக்கு அவ்வளவு பழசு. உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு, 1870இல், ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் கதவு திறந்தது. ஆசியர்களுக்குத் திறக்கவில்லை. 1882இல் சீனர்களை வெளியே நிறுத்தத் தனியாகவே ஒரு சட்டம் போட்டார்கள்.

அந்தக் காலத்தில் ஊர் நீதிமன்றங்கள்கூடக் குடியுரிமை கொடுத்தன. நடைமுறை இடத்துக்கு இடம் வேறு. நியூயார்க்கில் டாமனி ஹால் என்ற கட்சி அமைப்பின் அரசியல்காரர்கள் 1868 தேர்தலுக்கு முன்னால், கப்பலில் வந்து இறங்கியவர்களை வரிசையாக நீதிபதி முன் நிறுத்திக் குடிமக்களாக்கி, ஓட்டுச்சாவடிக்கு அனுப்பினார்கள். ஓட்டுக்காக ஆள் சேர்க்கும் வித்தை நம் ஊருக்கு மட்டுமே சொந்தம் என்று நினைத்திருந்தேன்.

அதற்கெல்லாம் கடிவாளம் போட்டது தியோடர் ரூஸ்வெல்ட் 1906இல் கையெழுத்திட்ட சட்டம். நாடு முழுக்க ஒரே படிவம், மேற்பார்வைக்கு ஒரு மத்திய அலுவலகம். ஆங்கிலம் பேசத் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை முதன்முதலாக வந்ததும் அப்போதுதான். ஆனால் அரசியல் சட்டத்தைப் பற்றி என்ன கேட்பது, எவ்வளவு கேட்பது என்பது நீதிபதியின் மனசு. ஒருவர் ஜனாதிபதியின் பெயரோடு விட்டுவிடுவார், இன்னொருவர் வழக்கறிஞர் படிப்புக்குக் கேட்பது போலக் குடைவார். இதற்கென்றே வகுப்புகள் முளைத்தன. டெட்ராய்ட் பக்கம் ஹென்றி ஃபோர்டு தன் தொழிலாளிகளுக்காக 1914இல் ஓர் ஆங்கிலப் பள்ளி தொடங்கினார். அதன் பட்டமளிப்பு விழாவில் மேடைமேல் பிரம்மாண்டமான கொப்பரை ஒன்று இருக்கும். தொழிலாளிகள் சொந்த நாட்டு உடையில் அதற்குள் இறங்குவார்கள், கோட்டு சூட்டும் கையில் அமெரிக்கக் கொடியுமாக மறுபக்கம் ஏறி வருவார்கள். வேட்டியோடு இறங்கியவனை வேட்டியோடே ஏற்றுக்கொண்டால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

இதெல்லாம் உள்ளே போகத் தகுதி பெற்றவர்களின் பாடு. ஆசியர்களான நம்மவர்களுக்கு வைக்கப்பட்ட பரீட்சை வேறு. இதை வகுப்பில் சொல்லாமல் நான் விடுவதில்லை.

டகாவோ ஒசாவா ஜப்பானியர். கலிபோர்னியாவில் படித்தவர். ஹவாயில் குடும்பம் நடத்தினார், வீட்டில் ஆங்கிலம்தான் பேச்சு. என் தோல் வெளுப்புதானே என்று வாதாடினார். 1922 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவரிடம், வெள்ளையர் என்றால் காகேசிய இனத்தவர், நீங்கள் அந்த இனம் இல்லை என்றது. மூன்று மாதம் கழித்து, 1923 பிப்ரவரியில், பகத் சிங் திந்த் வந்து நின்றார். பஞ்சாபில் பிறந்த சீக்கியர், முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். மானுடவியல் புத்தகங்களின்படி நான் காகேசியன், ஆரியன், ஆகவே வெள்ளையன் என்றார். நீதிமன்றம் இப்போது இனநூலை மூடி வைத்துவிட்டது. புத்தகம் என்ன சொன்னாலும் சாதாரண மனிதனின் பேச்சு வழக்கில் நீர் வெள்ளையர் இல்லை என்று தீர்த்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஜார்ஜ் சதர்லண்ட்தான் ஒசாவா தீர்ப்பையும் எழுதியவர். அவரே இங்கிலாந்தில் பிறந்து இங்கே குடியேறியவர்.

திந்த் மேல் எனக்கு அனுதாபம் உண்டு, அவர் வாதத்தின் மேல் இல்லை. தன்னை உயர்சாதி என்று சொல்லிக்கொண்டு, கீழ்ச்சாதியோடு கலப்பு மணம் செய்ய மறுப்பதையே இனத்தூய்மைக்குச் சாட்சியாகக் காட்டினார். கடல் தாண்டி வந்தும் பெட்டியில் சாதியை மடித்து எடுத்து வந்திருக்கிறோம். அவர் வென்றிருந்தால்கூட ஆரியருக்குத்தான் கதவு திறந்திருக்கும். திராவிடர் என்று இனநூல்கள் வகைப்படுத்தி வைத்த நமக்கு அந்தத் தீர்ப்பில் இடம் இருந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள். வகுப்பில் இதைச் சொன்னபோது எல்லோரும் பேசாமல் இருந்தார்கள், ஒருவர் மட்டும் "அப்ப தோத்ததே நல்லது" என்றார்.

நல்லதாக முடியவில்லை. அந்தத் தீர்ப்பைக் காட்டி, ஏற்கெனவே குடிமக்களாகியிருந்த இந்தியர்கள் பலரின் குடியுரிமையை அரசு வழக்குப் போட்டுப் பறித்தது. சான் பிரான்சிஸ்கோவில் கடை வைத்திருந்த வைஷ்ணோ தாஸ் பகாய் அவர்களில் ஒருவர். பிரிட்டிஷ் ஆட்சி வேண்டாம் என்று மனைவி கலாவையும் மூன்று மகன்களையும் கூட்டிக்கொண்டு 1915இல் வந்தவர். குடியுரிமை போனதும், அந்நியர் நிலம் வைத்திருப்பதைத் தடுத்த கலிபோர்னியாவின் நிலச் சட்டம் அவருடைய சொத்தின் மேல் பாய்ந்தது. இந்தியாவுக்குப் போய்வர அமெரிக்கப் பாஸ்போர்ட்டும் மறுக்கப்பட்டது. 1928இல் தற்கொலை செய்துகொண்டார். எந்தக் கேள்விக்கு அவர் தவறான பதில் சொன்னார்?

1946இல் லூஸ் செல்லர் சட்டம் இந்தியர்களுக்குக் குடியுரிமை உண்டு என்றது, கூடவே ஆண்டுக்கு 100 பேர்தான் குடியேறலாம் என்றும் சொன்னது. கலா பகாய் அதன் பிறகு குடிமகளானார். 1949இல் குடிமகனான தலீப் சிங் சௌந்த் 1956இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். இனத்தைக் காட்டிக் குடியுரிமை மறுப்பது எல்லோருக்குமாக ஒழிந்தது 1952இல். 1790இலிருந்து எண்ணினால் 162 ஆண்டுகள். நம் டாக்டர்களும் இன்ஜினியர்களும் கூட்டம் கூட்டமாக வந்தது நாட்டுவாரி ஒதுக்கீட்டை எடுத்த 1965 சட்டத்துக்குப் பிறகுதான்.

பெண்கள் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1922 வரை கணவன் குடிமகனானால் மனைவியும் தானாகக் குடிமகள். அவளை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை, அவளுக்கென்று ஒரு மனது இருப்பதாகவும் நினைக்கவில்லை. அமெரிக்கப் பெண் அந்நியனைக் கல்யாணம் செய்தால், 1907 சட்டப்படி அவள் குடியுரிமை போய்விடும். பிறகு பெண்களைத் தனியாக விசாரிக்கத் தொடங்கியதும் ஹங்கேரியிலிருந்து வந்த ரோசிகா ஷ்விம்மர் மாட்டினார். நாட்டைக் காக்க ஆயுதம் ஏந்துவீர்களா என்று படிவம் கேட்டது. மாட்டேன், நான் போருக்கு எதிரானவள் என்று எழுதினார். ஐம்பதை எட்டிய பெண்ணை எந்தப் பட்டாளத்திலும் சேர்க்கப் போவதில்லை. ஆனாலும் 1929இல் உச்ச நீதிமன்றம் அவருக்குக் குடியுரிமை கிடையாது என்றது. அந்த நிலைப்பாட்டை நீதிமன்றமே 1946இல் மாற்றிக்கொண்டது.

நாடு எப்போது எதைக் கண்டு பயந்தது என்பதை குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் இன்றைய என்-400 படிவத்திலும் படிக்கலாம். கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தீர்களா என்ற கேள்விக்கு வேர் 1950களில். பல மனைவியர் உண்டா என்பது அதைவிடப் பழையது. என் வகுப்பில் இருந்த ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவருக்கு இரண்டு வாரம் தூக்கமில்லை. சங்கத்தில் இருந்தேனே, சிவப்புக் கொடி பிடித்து ஊர்வலம் போனேனே, அதைக் கட்சியில் சேர்ப்பார்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வக்கீலிடம் அனுப்பி வைத்தேன். இந்த மாதிரிக் கேள்விக்கு டீச்சர் பதில் சொல்லக் கூடாது.

நீதிபதியின் மனசை நம்பி நின்ற காலத்தின் புகழ்பெற்ற கதை எங்கள் பக்கத்து ஊரான ட்ரென்டனில் நடந்தது. தர்க்கவியல் மேதை கர்ட் கோடல் 1947 டிசம்பரில் குடியுரிமை விசாரணைக்குப் போனார். சாட்சிகள் ஐன்ஸ்டீனும் பொருளாதார அறிஞர் மார்கன்ஸ்டர்னும். கோடல் அரசியல் சட்டத்தை வரி வரியாகப் படித்து, சட்டப்படியே இங்கே சர்வாதிகாரம் வர ஓர் ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். அதை மட்டும் வாயைத் திறந்து சொல்லிவிடாதே என்று நண்பர்கள் இருவரும் மன்றாடினார்கள். உங்கள் ஆஸ்திரியாவில் நடந்தது இங்கே நடக்காது என்று நீதிபதி பேச்சுவாக்கில் சொல்ல, நடக்கும், என்னால் நிரூபிக்க முடியும் என்று கோடல் ஆரம்பித்துவிட்டார். நல்ல வேளை, நீதிபதி பிலிப் ஃபோர்மன் 1940இல் ஐன்ஸ்டீனுக்கே உறுதிமொழி செய்து வைத்தவர். பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டார். மறு ஆண்டு கோடல் குடிமகனானார். இதைச் சொல்லி எல்லோரும் சிரிப்பார்கள். கூட ஐன்ஸ்டீன் இல்லாமல் போய் நின்ற யாரோ ஒரு தையல்காரரை எண்ணிப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

1950இல் ஆங்கிலம் படிக்க, எழுத, பேச வேண்டும், வரலாறும் ஆட்சிமுறையும் தெரிய வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். 1980களின் இறுதியில் 100 கேள்விகளின் பட்டியல் வந்தது. 1990இல் முடிவெடுக்கும் அதிகாரம் நீதிமன்றத்திடமிருந்து அலுவலகத்துக்குப் போனது. அப்போதும் ஊருக்கு ஊர் கேட்பது வேறாகத்தான் இருந்தது. 2008 அக்டோபரில்தான் நாடு முழுக்க ஒரே பட்டியல், ஒரே அளவுகோல்: பத்தில் ஆறு சரி, படிக்க ஒரு வாக்கியம், எழுத ஒரு வாக்கியம். நூவர்க் அலுவலகத்தில் என்னிடம் கேட்டதும் அந்தப் பட்டியலில் இருந்துதான். அதிகாரி கேள்வியைப் பாதி சொல்லும்போதே பதில் சொன்னேன், முழுக்கக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்றார். வகுப்பறையில் நான் ஆயிரம் தடவை சொன்ன வாக்கியம்.

கேள்வியை மறைத்து வைப்பதால் தேர்வு உயர்ந்துவிடாது. ஆஸ்திரேலியா 1901இல் குடியேற வருகிறவர்களுக்கு ஒரு சொல்வதெழுதல் தேர்வு வைத்தது. ஐரோப்பிய மொழி ஒன்றில் 50 சொற்கள், மொழியைத் தேர்ந்தெடுப்பது அதிகாரி. 1909க்குப் பிறகு ஒருவர்கூட அதில் தேறவில்லை. 1934இல் பல மொழி தெரிந்த எகான் கிஷ் என்ற பத்திரிகையாளர் வந்தார். வேண்டாதவரை எப்படியாவது தள்ள வேண்டுமே, ஸ்காட்டிஷ் கேலிக் மொழியில் வாசித்தார்கள். 1958 வரை அந்தத் தேர்வு உயிரோடு இருந்தது. இந்த நாட்டின் தென் மாநிலங்களிலும் 1965 வரை கறுப்பின மக்களை ஓட்டுப் போட விடாமல் தடுக்க எழுத்தறிவுத் தேர்வு என்று ஒன்றை இதே மாதிரிதான் நடத்தினார்கள். அச்சடித்த பட்டியல் கையில் இருந்தால் இந்த விளையாட்டு நடக்காது.

பட்டியலும் அரசியலுக்கு அப்பாற்பட்டதல்ல. 2020 டிசம்பரில் 128 கேள்விகள், இருபது கேட்டுப் பன்னிரண்டு சரி என்று மாற்றினார்கள். செனட்டர் யாருக்குப் பிரதிநிதி என்பதற்குப் பழைய பதில், மாநிலத்தின் மக்கள் எல்லோருக்கும். புதிய பதில், மாநிலத்தின் குடிமக்களுக்கு. கிரீன் கார்டோடு வரி கட்டிக்கொண்டிருக்கிறவர்களை ஒரே வரியில் வெளியே தள்ளிய பதில் அது. 2021இல் ஆட்சி மாறியதும் அந்தத் தேர்வைத் திரும்பப் பெற்றார்கள். 2025இல் 128 கேள்விகள் மறுபடி வந்துவிட்டன.

இதைப் படிக்கும் பிள்ளைகளே, அப்பா அம்மாவுக்கு விண்ணப்பம் போடுகிறவர்களே, ஒன்றைக் கவனியுங்கள். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பித்தவர்களுக்குப் புதிய பட்டியல்தான், பழைய 100ஐப் படிக்க வைத்து அவர்களை அலைக்கழிக்காதீர்கள். பட்டியல் அரசாங்க இணையதளத்தில் இலவசம், காசு கொடுத்துப் புத்தகம் வாங்க வேண்டாம். 55 வயதைத் தாண்டி, கிரீன் கார்டோடு இங்கே 15 ஆண்டு இருந்தவர்களுக்கும், 50 வயதைத் தாண்டி 20 ஆண்டு இருந்தவர்களுக்கும் ஆங்கிலத் தேர்வு கிடையாது. அவர்கள் தமிழிலேயே பதில் சொல்லலாம். மொழிபெயர்ப்பாளரை மட்டும் நீங்கள்தான் அழைத்துப் போக வேண்டும்.