சிவகாசியின் தீப்பெட்டிக் கணக்கு

சிவகாசிக்கு 'குட்டி ஜப்பான்' என்று ஒரு செல்லப்பெயர் உண்டு. ஆனால் நூறு வருடங்களுக்கு முன்னால் கதை வேறு. இங்கே அடுப்படியில் இருந்த தீப்பெட்டியே பெரும்பாலும் ஜப்பானிலிருந்தும் ஸ்வீடனிலிருந்தும் கப்பலில் வந்ததுதான்!

1922ல் பிரிட்டிஷ் இந்திய அரசு இறக்குமதித் தீப்பெட்டிக்கான வரியை குரோஸுக்கு (அதாவது 144 பெட்டிகளுக்கு) ஒன்றரை ரூபாய் ஆக்கியது. உள்ளூர்த் தொழிலை வளர்க்கும் நல்லெண்ணம் எல்லாம் இல்லை. கஜானாவுக்குப் பணம் தேவைப்பட்டது, அவ்வளவுதான். ஆனால் வெளிநாட்டுப் பெட்டியின் விலை ஏறியதும், இங்கேயே செய்தால் லாபம் என்று இரண்டு தரப்புக்குத் தோன்றியது.

ஒரு தரப்பு, உலகத் தீப்பெட்டிச் சந்தையையே வளைத்துக்கொண்டிருந்த ஸ்வீடன்காரர்கள். 'தீப்பெட்டி ராஜா' என்று பெயர் வாங்கிய ஐவர் குரூகரின் நிறுவனம் 1923ல் இந்தியாவில் விம்கோவைத் தொடங்கியது. சென்னை திருவொற்றியூரில் இருக்கும் விம்கோ நகர் அந்தப் பெயரில் வந்ததுதான்.

இன்னொரு தரப்பு, சிவகாசிக்காரர்கள் இருவர். பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922ல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். முதலில் இயந்திரம் வைத்துத்தான் ஆரம்பித்தார்கள். கட்டுப்படியாகவில்லை. பிறகு கைவேலைக்கு மாறினார்கள். மழை குறைவான கரிசல் பூமி. மருந்து முக்கிய குச்சி சீக்கிரம் காயும். விவசாயம் பொய்த்த கிராமங்களில் வேலைக்கு ஆள் ஏராளம். விவசாயத்துக்குச் சாபமாக இருந்த வெயில் தீப்பெட்டிக்கு வரமாகிவிட்டது.

ஸ்வீடன் மூலதனத்துக்கு முன்னால் இந்தச் சின்னப் பட்டறைகள் எப்படித் தாக்குப்பிடித்தன? வெயிலும் உழைப்பும் மட்டும் என்று சொன்னால் அது பாதிக் கதைதான்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, சாத்தூர் பக்கம் குடியேறிய நாடார் வியாபாரிகளுக்கு 'மகமை' என்று ஒரு வழக்கம் இருந்தது. வியாபாரத்தில் இவ்வளவுக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகை பொதுநிதிக்குப் போய்விடும். கோயில் நுழைய விடாத, 1899ல் சிவகாசிக் கலவரம் வரைக்கும் போன ஒரு சமூகச் சூழலில் அவர்களுக்கு அரசாங்கமும் இல்லை, வங்கியும் இல்லை. பள்ளிக்கூடம், கிணறு, பேட்டை எல்லாம் அந்த நிதியிலிருந்துதான். விருதுநகர் சத்திரிய வித்தியாசாலையை வீடுவீடாகப் பிடி அரிசி வாங்கிக்கூட நடத்தியிருக்கிறார்கள். காமராஜர் படித்த பள்ளிக்கூடம் அது. 1921ல் தூத்துக்குடியில் நாடார் வங்கி பிறந்தது. இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி அதுவேதான் (1962ல் பெயர் மாறியது). ஆக, தீப்பெட்டி வருவதற்கு முன்பே கடன், நம்பிக்கை, படிப்பு மூன்றும் தயாராக இருந்தன. சிறுதொழிலுக்கு ஆதரவு என்றதும் அரசு மானியம்தான் நினைவுக்கு வருகிறது. சிவகாசியில் முதல் ஆதரவு கடைத்தெருவிலிருந்து வந்தது. அந்த நிதியும் நம்பிக்கையும் ஒரு சாதிக்குள்ளேயே சுற்றின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தீப்பெட்டி ஆலை வாசலில் கூலிக்கு நின்ற தலித்துகளுக்கும் பிறருக்கும் அதில் பங்கு இல்லை.

அரசின் ஆதரவு பிறகு வந்தது. 1934ல் தீப்பெட்டிக்கு உற்பத்தி வரி போட்டார்கள். சுதந்திரத்துக்குப் பின் வருட உற்பத்தியின் அளவை வைத்து ஆலைகளை வகை பிரித்து, பெரிய ஆலைக்கு அதிக வரி, சின்ன ஆலைக்குக் குறைந்த வரி என்று ஆக்கினார்கள். காமர்ஸ் பாடத்தில் இரண்டு மதிப்பெண் கேள்விக்கு வரக்கூடிய சமாச்சாரம்தான். ஆனால் ஒரு வட்டாரத்தின் தலையெழுத்தையே அது மாற்றியது. விம்கோவின் இயந்திரத்தில் மிச்சமாகும் செலவை இந்த வரி வித்தியாசம் சரிக்கட்டியது. கைத்தீப்பெட்டி கோவில்பட்டி, சாத்தூர் என்று பரவியது. லேபிள் அடிக்க அச்சகங்கள் வந்தன, அவை காலண்டருக்கும் டைரிக்கும் போயின. பட்டாசு வந்த கதை தனி. ஆலைக்காரர்கள் கல்லூரியும் கட்டினார்கள் (சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963ல் தொடங்கியது).

இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டால் நல்ல வெற்றிக் கதை. ஆனால் அதே வரி விதி இன்னொரு வேலையும் செய்தது. ஒரு அளவைத் தாண்டி வளர்ந்தால் வரி கூடும். அப்புறம் யார் வளர்வார்கள்? ஒரே ஆலையைப் பெரிதாக்குவதை விட மனைவி பேரில் ஒன்று, மருமகன் பேரில் ஒன்று என்று பிரித்துக்கொள்வது லாபம். பேப்பரில் எல்லாம் சிறுதொழில். இயந்திரம் வாங்கினாலும் சலுகை போய்விடும். அதனால் போட்டி முழுக்க ஒரே இடத்தில் வந்து நின்றது, கூலியில். கட்டை அடுக்க, பெட்டி ஒட்ட, லேபிள் ஒட்ட மிக மலிவான கை எது? குழந்தையின் கை.

விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ் கிராமத்துக்கு வந்து, தூக்கம் கலையாத பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். ராத்திரிதான் திரும்பி வரும். எழுத்தாளர் பூமணி 'கருவேலம் பூக்கள்' என்று படமே எடுத்தார் இதைப் பற்றி. பிடி அரிசி போட்டுப் பள்ளிக்கூடம் நடத்திய அதே வட்டாரத்தில், இரண்டு தலைமுறை தள்ளி, வேறு வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தைப் பார்க்காமலேயே வளர்ந்தார்கள்.

1986ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. தீப்பெட்டி, பட்டாசு இரண்டும் அதன் தடைப்பட்டியலில் இருந்தன. ஆனால் குடும்பத்தோடு சேர்ந்து செய்யும் வேலைக்கு விலக்கு கொடுத்திருந்தார்கள். ஆலைக்குள் கூடாது, வீட்டுத் திண்ணையில் ஒட்டலாம்! 1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா தொடுத்த, சிவகாசியைப் பற்றிய வழக்கில், ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம், தீர்ப்பு, பள்ளியில் சத்துணவு, பெற்றோர் மனமாற்றம் எல்லாம் சேர்ந்துதான் அந்த பஸ்களில் பிள்ளைகள் குறைந்தார்கள்.

சலுகையைக் கொடுத்தவர்கள் ஆலையின் அளவை அளந்தார்கள். உள்ளே இருப்பவரின் வயதையும் கூலியையும் சலுகைக்கு நிபந்தனையாக வைத்திருந்தால் இந்த அறுபது வருடம் வேறு மாதிரி இருந்திருக்கும். அது ஒன்றும் அசாத்தியமான யோசனை இல்லை. உற்பத்தியை எண்ணத் தெரிந்த அதிகாரிக்கு ஆளை எண்ணத் தெரியாதா என்ன?

விம்கோவை 2005ல் ஐடிசி வாங்கியது. 2017ல் ஜிஎஸ்டி வந்தபோது கைத்தீப்பெட்டிக்கு 5 சதவீதம், இயந்திரத் தீப்பெட்டிக்கு 18 சதவீதம் என்று பழைய வித்தியாசம் புதுப் பெயரில் தொடர்ந்தது. 2020 ஏப்ரலில் இரண்டுக்கும் 12 சதவீதம் என்று ஒன்றாக்கினார்கள். அதற்குள் இந்தப் பக்கத்துச் சின்ன முதலாளிகளே பலர் இயந்திரத்துக்கு மாறியிருந்தார்கள். கைவேலையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் கூலி செய்த வேலையின் எண்ணிக்கையை வைத்துத்தான்.