பத்து வெள்ளி தந்த பாடம்

1950களில் மலாயாவிலிருந்த ஆங்கிலேய நிறுவனங்கள் பல தம் ரப்பர்த் தோட்டங்களை விற்கலாயின. வாங்கியோர் அவற்றைத் துண்டாடினர். தொழிலாளர்கள் வேலையோடு குடியிருப்பையும் இழந்தனர். அந்நிலையில்தான் 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோட்டந்தோறும் சென்று, 10 வெள்ளி வீதம் சேமித்துப் பங்குதாரராகுமாறு தொழிலாளரை வேண்டினார். 1961இல் கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது.

பால்மரம் சீவிய என் தந்தையாரும் பங்கு சேர்ந்தவரே. அப்பத்திரம் எங்கள் பிறப்புப் பத்திரங்களோடு ஒரே பெட்டியில் இருந்தது. சிக்கனமாயிரு என்று எவரும் அறிவுரை கூறலாம். சேமிப்பதற்கு ஒரு காரணத்தையும், காசை நம்பி ஒப்படைக்க ஓர் இடத்தையும் அளித்ததே சங்கம் கற்பித்த பாடம். கூட்டல் கணக்கு நடத்தும்போதெல்லாம் என் மாணவர்க்கு இதனைச் சொல்லத் தவறுவதில்லை.