முழங்கை நரம்புக் காயங்கள்

கையை ஊன்றி விழும்போது முழங்கை எலும்பு முறிந்தோ மூட்டு நழுவியோ, அதை ஒட்டிய நரம்புகள் நசுங்குவதும் இழுபடுவதும் அறுபடுவதும் இத்தலைப்பில் அடங்கும். முன்பக்கம் மீடியன், வெளிப்பக்கம் ரேடியல், உட்பக்க எலும்பு முனைக்குப் பின்னே அல்நார் என மூன்று பெரிய நரம்புகள் மூட்டைக் கடக்கின்றன. முழங்கையை இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை ஷாக் அடிப்பது தோலை ஒட்டிக் கிடக்கும் அல்நாரால்தான்.

அறுபட்ட நரம்பின் கீழ்ப்பகுதி சிதைந்துபோவதை 1850இல் தவளையில் காட்டியவர் அகஸ்டஸ் வாலர். அதன் பின்னர் இத்துறையை வளர்த்தவை போர்கள். 1915இல் பிரெஞ்சு மருத்துவர் ஜூல் ஃப்ரோமான் காகிதச் சோதனையை விவரித்தார்: கட்டைவிரலுக்கும் ஆட்காட்டிவிரலுக்கும் இடையே தாளைப் பிடிக்கச் சொல்லி இழுத்தால், அல்நார் பழுதுபட்டவரின் கட்டைவிரல் நுனி மடங்கும். செலவே இல்லாத இச்சோதனைக்கு இன்றும் ஈடில்லை. நரம்பின்மேல் தட்டி, புது இழைகள் எதுவரை வளர்ந்துள்ளன என்று கூச்சத்தால் அறியும் முறையை அதே ஆண்டில் ஜெர்மானியரான பால் ஹாஃப்மனும் பிரெஞ்சுக்காரரான ஜூல் டினெலும் தனித்தனியே எழுதினர். முந்தியவர் ஹாஃப்மன், பெயர் நிலைத்ததோ டினெலுக்கு.

1943இல் ஆங்கிலேயர் ஹெர்பர்ட் செடன் காயங்களை மூன்றாக வகுத்தார். நியூரப்ராக்சியாவில் இழை அறாது, கடத்தல் மட்டும் தடைபடும், வாரக்கணக்கில் மீளும். ஆக்சனாட்மெசிசில் இழை அறும், உறை தங்கும். இழை நாளுக்குச் சுமார் 1 மி.மீ. வளரும். நியூராட்மெசிசில் நரம்பே துண்டாகும். அறுவை சிகிச்சையின்றி மீட்சியில்லை. 1951இல் சிட்னி சண்டர்லேண்ட் இதை ஐந்தாக விரித்தார். நோயாளியின் கையைப் பிடித்துப் பார்க்கும் மருத்துவருக்குச் செடனின் மூன்றே போதும்.

சிறுவர்களுக்கு முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறியும்போது, மீடியனின் ஒரு கிளையே அதிகம் அடிபடுகிறது. மரமரப்பு இராது, கட்டைவிரலையும் ஆட்காட்டிவிரலையும் வளையமாகச் சேர்க்க வராது. மரமரப்பு இல்லாததாலேயே இக்காயம் பலமுறை கவனத்துக்குத் தப்பிவிடுகிறது. எலும்பைச் சேர்க்கும் முன்பே விரல் அசைவைக் குறித்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் பழுது கீழே விழுந்ததால் வந்ததா, பொருத்திய கம்பியால் வந்ததா என்பது பிறகு தெரியாது.

தசை மின்பதிவு மூன்று வாரம் கழித்தே தெளிவாகப் பேசும். தோல் கிழியாத முறிவில் மூன்று மாதம்வரை காத்திருப்பதே முறை; அதன்பின்னும் அசைவில்லையெனில் திறந்து பார்த்து, தையலோ கெண்டைக்கால் நரம்பு ஒட்டோ செய்வர். காலம் கடந்தால் தசைநாண் மாற்றம். தொழுநோயால் மடங்கிய விரல்களுக்கு வேலூரில் பால் பிராண்ட் 1940களின் இறுதியில் தொடங்கிச் செய்துவந்ததும் இதுவே. அல்ட்ராசவுண்டும் நரம்பு மாற்று அறுவையும் அண்மைய வரவுகள்.

கட்டுப் போட்டபின் விரலை நீட்டினால் தாங்க முடியாத வலி எடுத்தால், அதை நரம்புக் காயமென்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குச் சென்று கட்டைத் தளர்த்த வேண்டும்.