அஞ்சல் தலையும் அச்சுப் பிழையும்



பாலக்காட்டிலிருந்து சித்தூர் நெடுந்தொலைவன்று. விடியலில் புறப்பட்டவர் வெயில் ஏறுமுன் நடந்தே சேர்ந்துவிடலாம். ஆயினும் 1949ஆம் ஆண்டுக்கு முன்பு பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவைச் சேர்ந்தது; சித்தூரோ கொச்சி அரசைச் சேர்ந்தது. தெற்கே போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறினாலும், கம்பத்திலிருந்து குமுளிக்கு ஏறினாலும், மலை முகட்டைக் கடந்து நாம் மிதிக்கும் மண் திருவாங்கூர் மண்ணாக இருந்தது. தேவிகுளமும் பீருமேடும் அம்மண்ணில் அடங்கியவை. இன்று நாம் இடுக்கி என வழங்கும் மாவட்டம் 1972இல்தான் அமைந்தது.

ஒரே மொழி பேசி, ஒரே உறவுமுறையில் பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்கள் இக்கோடுகளின் இருபுறமும் வாழ்ந்தன. அவர்களுடைய கடிதங்களுக்கு மட்டும் இரண்டு வழிகள் இருந்தன. அரசின் எல்லைக்குள் செல்லும் கடிதத்தை மன்னரின் ‘அஞ்சல்’ இலாகா சுமந்தது. எல்லையைத் தாண்ட வேண்டுமாயின், பிரிட்டிஷ் இந்தியத் தபால் நிலையத்தைத் தேடி, பேரரசரின் தலை பொறித்த வில்லையை ஒட்ட வேண்டும். தமிழ்நாட்டில் இன்று தபாலுக்கே நாம் வழங்கும் ‘அஞ்சல்’ என்ற சொல், அன்று மலைக்கு மேற்கே ஒரு தனி இலாகாவின் பெயராக இருந்தது. மணி கட்டிய கோலை ஏந்தி அஞ்சலோட்டக்காரன் ஓடிவரும் ஓசை கேட்டால் வழியில் செல்வோர் ஒதுங்கி நிற்பர்.

திருவாங்கூர் தன் முதல் அஞ்சல் தலைகளை 1888இல் வெளியிட்டது. அரசின் சின்னமாகிய சங்கு அவற்றில் இடம் பெற்றது. மதிப்பு சக்கரக் கணக்கில் இருந்தது. பதினாறு காசு கொண்டது ஒரு சக்கரம். கொச்சி 1892இல் பின்தொடர்ந்தது. அங்கே கணக்குப் புத்தன். ஆறு புத்தனுக்கு ஐந்து அணா என்பது விகிதம். எல்லையோரத்து மளிகைக் கடைக்காரர் இத்தனை நாணயங்களையும் மனக்கணக்கில் மாற்றிக் கொடுத்திருப்பாரே என்று எண்ணும்போது, இன்றைய நம் கல்வியின் மேல் நமக்குச் சற்று ஐயம் தோன்றுகிறது.

அச்சுப் பிழை என்பது உலகெங்கும் சேகரிப்போரின் உள்ளத்தைக் கவர்ந்த ஒன்று. நம் நாட்டில் அதற்குத் தலைசிறந்த சான்று 1854ஆம் ஆண்டின் நான்கு அணாத் தலை. கல்கத்தாவில் சிவப்பு, நீலம் என இரு வண்ணங்களில், இருமுறை அச்சேறியது அது. ஒரு வண்ணம் ஏறிய தாளை மறு வண்ணத்துக்குத் தலைமாற்றி வைத்ததால், சட்டத்துக்குள் விக்டோரியா அரசி தலைகீழாக அமைந்துவிட்டாள். அவ்வாறு இன்று அறியப்பட்டவை முப்பதைத் தாண்டா. அமெரிக்காவில் 1918இல் வெளிவந்த, விமானம் கவிழ்ந்த தலையும் இத்தகையதே. அது நூறு தலைகள் கொண்ட ஒரே தாள்.

நம் எல்லைப்புறத்துப் பிழைகளின் தன்மை வேறு. அவை பெரும்பாலும் மேலச்சில் நேர்ந்தவை. புதிய தலை அச்சாகி வருமுன் ஒரு மதிப்புத் தீர்ந்துபோனால், கையிருப்பிலுள்ள வேறொரு தலையின் மேல் புதிய எண்ணை அடித்து விற்பது வழக்கம். கொச்சியில் 1909இல் மூன்று பைத் தலையின் மேல் ‘2’ என அடித்தனர். திருவாங்கூரில் 1906இல் அரைச் சக்கரத் தலையின் மேல் கால் என்றும், எட்டில் மூன்று என்றும் அடித்தனர். தாள் தலைமாறிச் சென்ற இடங்களில் அவ்வெண்கள் கவிழ்ந்து நின்றன.

ஆனால் பிழைகள் மலிந்த காலம் 1949. அவ்வாண்டு ஜூலை முதல் நாள் திருவாங்கூரும் கொச்சியும் ஓர் அரசாயின. சக்கரமும் காசும் நீங்கி, அணாவும் பையும் வந்தன. பழைய திருவாங்கூர்த் தலைகளின் மேல் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் புதிய மதிப்பு அவசரமாக அடிக்கப்பட்டது. ஆறு காசு இரண்டு பை ஆயிற்று. ஒரு சக்கரம் அரை அணா ஆயிற்று. எழுத்துக்கோப்பவர் கையில் அச்சு எழுத்துகள் தடுமாறின. ஓரிடத்தில் மலையாள எழுத்தொன்று மாறியது. ஓரிடத்தில் மேலச்சு முழுவதுமே கவிழ்ந்தது. அரை அணாத் தலையில் ‘அணா’ என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லின் முதல் இரண்டெழுத்தும் இடம் மாறி ‘நானா’ என்றாகிவிட்டது. பிழை செய்தது யார் என்று கேட்டால், ‘நானா?’ என்று அத்தலையே வியப்பது போலத் தமிழருக்குத் தோன்றும்!  இரண்டு அரசுகளின் கணக்குகளை ஒரே நாளில் இணைக்க முயன்றவர்களின் மூச்சிரைப்பு அச்சிறு தாளில் பதிந்துள்ளது. அவ்வாண்டின் அரசாணைகளில் நாம் காண முடியாத ஒன்று அது.

1951 ஏப்ரலில் அஞ்சல் இலாகா இந்தியத் தபாலுடன் இணைந்தது. பின்னர் 1956 நவம்பரில் பாலக்காடும் சித்தூரும் தேவிகுளமும் ஒரே கேரளத்தில் அடங்கின.

வருவாய்த் தலைகளை நம்மவர் பெரிதாக எண்ணுவதில்லை. அது தவறென்பது நம் கருத்து. பிரிட்டிஷ் இந்தியாவில் இருபது ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதுக்கு ஓரணாத் தலை ஒட்டி, அதன் குறுக்கே கையொப்பமிட வேண்டும். திருவாங்கூரும் கொச்சியும் தமக்கெனத் தனி வருவாய்த் தலைகளை வைத்திருந்தன. அஞ்சல் முத்திரை பல வேளை மங்கித் தேதி தெரியாமற் போகும். ரசீதிலோ தேதியும் ஊரும் தொகையும், பணம் பெற்றவரின் கையெழுத்தும் சேர்ந்தே நிற்கும். பிழையுள்ள தலை எந்த ஊரில் எந்த நாளில் புழங்கியது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேறு வேண்டுமோ?

இங்கே நாம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சிறுவயதில் நாமும் பாட்டனார் பெட்டியிலிருந்த உறைகளைக் கிண்ணத்து நீரில் ஊறவைத்துத் தலைகளை உரித்தெடுத்தோம். ஆல்பம் நிறைந்தது. உறைகள் அடுப்புக்குப் போயின. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குச் சென்றவை என்ற செய்தியும் அவற்றோடு எரிந்தது. கவிழ்ந்த மேலச்சுடைய ஒரு தலை இன்றும் நம்மிடம் உண்டு. அது மெய்யான பிழையா, அல்லது பிற்காலத்தில் எவரோ நல்ல தலையின் மேல் கள்ளத்தனமாக அடித்ததா என்பதை நிறுவ இயலவில்லை. விலை மிகுந்த பிழைகளுக்குப் போலியும் மிகுதி. உறையோடு இருந்திருப்பின், மேலச்சின் மை அஞ்சல் முத்திரைக்கு அடியில் இருக்கிறதா, மேலே இருக்கிறதா என்று பார்த்தே பாதி வழக்கைத் தீர்த்திருக்கலாம்.

மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் இருந்துகொண்டு இதனைப் படிக்கும் உங்களில் பலருக்குக் கொழிஞ்சாம்பாறையிலோ மூணாற்றிலோ ஒரு பழைய வீடு இருக்கக்கூடும். விடுமுறைக்குச் செல்லும்போது பரணில் உள்ள தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். சங்கு பொறித்த தலையொன்று ரசீதிலோ உறையிலோ ஒட்டியிருந்தால், அதனைப் பிரிக்காமல், அமிலமற்ற தாளில் பொதிந்து, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். பிறகு ஒரு பூதக்கண்ணாடி கொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் படியுங்கள். மேலச்சு மலையாளத்திலும் இருக்கும் ஆகையால், அவ்வெழுத்தறிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொள்வது நலம்.