வேலை நின்றால் வீடு? மலையகத் தோட்டக் குடும்பங்களும் தென்னிந்தியாவின் நான்கு மாநிலங்களும்

1970களில் இலங்கை மலையகத்தின் அட்டன், தலவாக்கலை, நானுஓயா ரயில் நிலையங்களில் பெட்டி படுக்கையோடு கோச்சிக்குக் காத்திருந்த குடும்பங்களின் கையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று இந்தியக் கடவுச்சீட்டு. மற்றது கண்டியிலிருந்த இந்திய உதவித் தூதரகத்தின் வழியாகக் கிடைத்த குடும்ப அட்டை. கடலுக்கு அப்பால் அந்தக் குடும்பம் எங்கே போய்ச் சேரும், என்ன தொழில் செய்யும் என்பதை அந்த அட்டைதான் தீர்மானித்தது. நீலகிரியில் தேயிலை, கேரளத்துப் புனலூரில் ரப்பர், கருநாடகத்துச் சுள்ளியாவில் ரப்பர், ஆந்திரத்தில் நூற்பாலை. இவை எதுவும் இல்லையென்றால் தமிழ்நாட்டுச் சமவெளியில் சிறுகடை வைக்க ஒரு தொழில் கடன்.

தென் மாநிலங்களில் எது வாழ ஏற்றது என்ற பேச்சு தமிழருக்குள் ஓய்ந்ததே இல்லை. சம்பளத்தையும் பள்ளிக்கூடத்தையும் ஆஸ்பத்திரியையும் வைத்து ஒவ்வொருவரும் தம் ஊரை உயர்த்திப் பேசுகிறோம். மலையகக் குடும்பங்களோ அந்தக் கேள்வியைத் தம் உடம்பால் சோதித்துப் பார்த்தவை. ஒரே மொழியும், ஒரே தொழிற் பழக்கமும், ஏறத்தாழ ஒரே வறுமையும் கொண்ட மக்கள், குழந்தைகளையும் சேர்த்தால் நாலரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள், ஏறக்குறைய ஒரே காலத்தில் நான்கு மாநிலங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். மாநிலங்களை ஒப்பிட இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. அந்தச் சான்றை நான் ஒரே ஓர் அளவுகோல் கொண்டு பார்க்கிறேன்: வேலை நின்ற மறுநாள் அந்தக் குடும்பம் எங்கே படுக்கும்? லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாழ்க்கையில் வளர்ந்தவர்களுக்கு இந்த அளவுகோல் விசித்திரமாகத் தோன்றாது.

உயரத்துக்கு ஏற்ற கூலி

இடங்களை ஒப்பிடுவது தோட்டத்துக்குப் புதிதும் அன்று. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சாவூர், இராமநாதபுரம் மாவட்டங்களிலிருந்தும் புதுக்கோட்டைச் சீமையிலிருந்தும் ஆள் கட்டிய கங்காணி முதலில் விற்ற சரக்கே ஒப்பீடுதான். பஞ்சம் பிடித்த ஊர் இங்கே, கொழுத்த மலை அங்கே. தட்டப்பாறையிலும் மண்டபத்திலும் முகாம் கடந்து வந்தவர்கள் மலையேறிய பிறகுதான் முன்பணக் கடனையும் துண்டையும் கண்டார்கள். துண்டு என்பது கடன் தொகை எழுதிய சீட்டு. அதைக் கட்டித் தீர்க்கிற தோட்டத் துரையிடம்தான் ஆள் போகும். 1921இல் அம்முறை சட்டப்படி ஒழிந்தது.

இலங்கையின் 1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இந்த ஒப்பீட்டைச் சென்ட் கணக்கிலேயே எழுதிவைத்தது. அதன்படி அமைந்த முதல் விகிதங்களில் ஆணுக்கு நாட்கூலி மேட்டு நாட்டில் 54 சென்ட், இடைநாட்டில் 52, தாழ்நாட்டில் 50. நுவரெலியாக் குளிரில் கம்பளிக்கும் விறகுக்கும் கூடுதல் செலவு உண்டு என்பதை இரண்டு சென்ட் வித்தியாசத்தில் அரசு ஒப்புக்கொண்டது. பெண்ணுக்கு மேட்டு நாட்டில் 43 சென்ட். கொழுந்து பறித்துத் தோட்டத்தைத் தாங்கியவள் அவள்தான். அவளுக்குத்தான் பதினொரு சென்ட் குறைவு. வீட்டு வாடகை என்று அந்தக் கணக்கில் ஒன்றும் இல்லை. பெரட்டில், அதாவது காலை ஆள் கணக்கெடுப்பில், பேர் விழுகிறவரை லயத்துக் காம்பிரா (அறை) இலவசம். அந்த இலவசத்தின் விலை பின்னால் தெரிய வந்தது.

1939 ஆகஸ்டில் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கைக்குப் போவதைத் தடுத்தது. வந்தவர்கள் வந்தவர்களாகவே நின்றார்கள். ஒன்பதே ஆண்டில் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் உரியவர் அல்லாதவராக்கியது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மலைகள் அவை. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமானும் தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளையும் வென்ற அதே தொகுதிகளில் வாக்காளர் பெயர்கள் இடாப்பிலிருந்து நீங்கின.

கேட்காமல் போட்ட கணக்கு

1964 அக்டோபர் 30ஆம் தேதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பமிட்ட உடன்படிக்கை 9,75,000 பேரைப் பங்கு பிரித்தது. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பேர் பிற்பாடு. அவர்களையும் 1974இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் சரிபாதியாக்கினார்கள். தலைக்கணக்கு முதலில் வந்தது, விண்ணப்பப் படிவம் பிறகுதான் லயத்துக்கு வந்தது.

விண்ணப்பங்கள் சொன்ன பதில்தான் இந்த வரலாற்றில் மிக முக்கியமான சான்று என்று கருதுகிறேன். 1970இல் கெடு முடிந்தபோது இந்தியக் குடியுரிமை கேட்டவர்கள் ஏறக்குறைய நான்கு லட்சம் பேர்தான். இலங்கைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தவர்களோ ஒதுக்கிய மூன்று லட்சத்தை வெகுதூரம் தாண்டியிருந்தார்கள். நாடற்றவராக இருந்தாலும் மலையே மேல் என்று பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் அப்போது தீர்மானித்திருந்தன. இதைப் பழக்கத்தின் பிடி என்று மட்டும் விளக்குவோர் உண்டு. எனக்கு அது போதுமான விளக்கமாகப் படவில்லை. ஆடு மாடு, மரக்கறிப் பாத்தி, கோயில், அண்டைக் காம்பிராவில் அக்கா, அடுத்த தோட்டத்தில் சம்பந்தி வீடு என்று நான்கு தலைமுறை கட்டிய ஒன்றை அவர்கள் எடைபோட்டுத்தான் பார்த்தார்கள்.

அந்த எடையை மாற்றியது பசி. 1970களின் நடுவில் அரிசியும் மாவும் கிடைக்கவில்லை. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையானபோது பல இடங்களில் வேலை நாளும் குறைந்தது. தோட்டங்களில் சாவு கூடியது. அட்டன் நகரத்து வீதிகளில் மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள் கையேந்தி நின்றார்கள். அதன்மேல் தமிழருக்கு எதிரான வன்முறை: 1977, 1981, 1983. இடையில் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்களும் உண்டு. அங்கே போர் அவர்களைப் பிடித்தது. 1971 கணக்கெடுப்பில் 11,74,606 ஆக இருந்த இந்தியத் தமிழர் தொகை 1981இல் 8,18,656 ஆகியது. கப்பலேறியவர்கள் அதற்குப் பெருங்காரணம். தம்மை இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்டவர்களும் அந்த வீழ்ச்சிக்குள் இருக்கிறார்கள்.

நான்கு மாநிலங்கள்

வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழ்நாட்டுக்கே வந்தார்கள். அவர்களிலும் பெரும்பாலோருக்குக் கிடைத்தது தொழில் கடன். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த கைகளை, கவ்வாத்துக் கத்தி பிடித்த கைகளை, கடை நடத்தச் சொன்ன திட்டம் அது. இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில நாள் இருந்து, பாட்டன் பெயர் மட்டும் தெரிந்த ஒரு கிராமத்துக்குப் போனபோது அங்கே நிலமும் இல்லை, உறவும் இல்லை. ஊரார் வைத்த பெயர் சிலோன்காரன். கடன் தொகை முகாமைச் சுற்றித் திரிந்த தரகர்களிடமே கரைந்த கதைகள் ஏராளம். அவர்களில் ஒரு பகுதி மீண்டும் மலையைத் தேடி ஏறியது. நீலகிரிக்குச் சென்றவர்கள் படகர்களின் சிறு தேயிலைத் தோட்டங்களிலும் காய்கறிக் காடுகளிலும் கூலியானார்கள். கொடைக்கானல் மலைக்குச் சென்றவர்களில் பலர் சீகை மரம் வெட்டும் ஒப்பந்தக்காரர்களிடம் முன்பணம் வாங்கிக் கொத்தடிமைகளாக அகப்பட்டார்கள். துண்டு ஒழிந்து ஐம்பது ஆண்டுக்குப் பிறகு, சொந்த நாடு என்று சொல்லப்பட்ட இடத்தில், அதே முன்பணம். இதை எழுதும்போது ஆய்வாளனுக்குரிய நிதானம் எனக்குக் கைகூடுவதில்லை.

அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று கருதப்பட்டார்கள். 1968இல் வனத்துறையின் கீழ் தொடங்கி 1970களின் நடுவில் தனி நிறுவனமான டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்), குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்டு கோத்தகிரி, கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, நெல்லியாளம் என்று விரிந்தது. பிறகு வால்பாறையிலும் கால் ஊன்றியது. குன்னூரும் நுவரெலியாவும் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஆறாயிரம் அடி உயரம். குளிர் பழகிய குளிர், செடி பழகிய செடி. கூடலூர்ப் பக்கத்துத் தென்மேற்குப் பருவமழைகூட அட்டன் மழைக்கு நெருங்கிய சொந்தம். மொழி தமிழ், பள்ளி தமிழ், மாதச் சம்பளம் நிச்சயம். ஆனால் அந்தத் தோட்டங்கள் காட்டை வெட்டிப் போட்டவை. பழங்குடிகளான பணியரும் குறும்பரும் காட்டுநாயக்கரும் புழங்கிய இடம், யானை நடந்த தடம். அதன் கணக்கை இன்றும் பந்தலூர்ப் பக்கத்துத் தொழிலாளி விடிகாலையில் வேலைக்கு நடக்கும்போது பயந்து பயந்து கொடுக்கிறார். கூடலூரில் ஜன்மி (பழைய ஜமீன்) நில உரிமைச் சிக்கல் தீராததால், தோட்டத்துக்கு வெளியே குடிசை போட்டவர்களுக்குப் பட்டா எட்டாக்கனியாயிற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, டான்டீ வீடு வேலைக்கு ஒட்டிய வீடு. லயத்தின் சட்டம் கப்பலேறி வந்துவிட்டது.

கேரளத்தில் 1976இல் புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு மறுவாழ்வுத் தோட்ட நிறுவனம் உருவாயிற்று. ஆயிரநல்லூர், குளத்தூப்புழை எஸ்டேட்டுகளில் ரப்பர். மலையிலிருந்து வந்தவர்களுக்குப் பால் வெட்டு புதுத் தொழில். விடியுமுன் எழுந்து, பட்டையில் மரக்கட்டையைத் தொடாமல் கத்தியை ஓட்ட வேண்டும். மழை பெய்தால் வேலை இல்லை. கீழ்க்காட்டு வெக்கை வேறு. இத்தனைக்கும் பிறகு, கூலி, ரேஷன், அரசு ஆஸ்பத்திரி, தொழிற்சங்க வலு இவற்றை மட்டும் வைத்துப் பார்த்தால் நான்கு மாநிலங்களில் கேரளத்துக்கே முதலிடம் தருவேன். போனவர்களின் எண்ணிக்கை சில நூறு குடும்பங்களுக்குள் நின்றது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சிறிய எண்ணிக்கையை நன்றாகப் பார்த்துக்கொள்வது எளிது.

கருநாடகத்தில் தென்கன்னட மாவட்டத்தின் சுள்ளியா, புத்தூர் வட்டங்களில் வன வளர்ச்சிக் கழகத்தின் ரப்பர்த் தோட்டங்களுக்குப் போனார்கள். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் துளு, பள்ளியில் கன்னடம். பிள்ளைகள் மூன்றையும் கற்றுக்கொண்டார்கள். அவர்களை மறித்தது மொழியைவிடச் சான்றிதழ். அரசியல் சட்டத்தின் 341ஆம் பிரிவுப்படி பட்டியல் சாதி அட்டவணை மாநிலந்தோறும் தனி. முப்பாட்டன் ஊர் திருச்சிராப்பள்ளிச் சீமை, தகப்பன் பிறந்தது இலங்கையின் டிக்கோயா, பிள்ளை பிறந்தது சுள்ளியா என்றால் அந்தப் பிள்ளையின் சாதிச் சான்றிதழை எந்தத் தாசில்தார் தருவார்? ஆண்டுக்கணக்கில் மனுக்கொடுத்தும் படிப்புச் சலுகையும் வேலை ஒதுக்கீடும் கைக்கு வராமல் ஒரு தலைமுறையே பள்ளியைத் தாண்டிப் போனது. தோட்டத்தில் சாதி மறையவில்லை. ஆனால் காகிதத்தில் மட்டும் மறைந்தது.

ஆந்திரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கூட்டுறவு நூற்பாலைகளில் வேலை கொடுத்தார்கள். திறந்த மலைச்சரிவில் நின்றவர்களுக்குப் பஞ்சு பறக்கும் கூடமும் இரவு ஷிப்டும் ஒத்துவரவில்லை. பலர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். 1969இல் தாயகம் திரும்பியோருக்கென்று சென்னையில் தொடங்கிய ரெப்கோ வங்கியில் மத்திய அரசோடு இந்த நான்கு மாநில அரசுகளும் பங்குதாரர்கள் என்பது, நான்கும் ஒரு காலத்தில் இந்தப் பொறுப்பைச் சேர்ந்து சுமந்ததற்கு இன்றும் எஞ்சியிருக்கும் அடையாளம்.

போகாதவர்கள்

1984க்குப் பிறகு இராமேசுவரத்துக்கான தலைமன்னார்க் கப்பல் ஓடவில்லை. கடவுச்சீட்டு வாங்கி வைத்திருந்தவர்களும் மலையிலேயே தங்கினார்கள். 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டமும், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் எஞ்சியோருக்குப் பிரஜாவுரிமை தந்தன. வாக்குரிமை திரும்பியது, பள்ளிக்கூடங்கள் அரசின் கீழ் வந்தன, மலையகத்துப் பிள்ளைகள் ஆசிரியர்களானார்கள். காகிதத்தைப் பொறுத்தவரை, சுள்ளியாவில் பிறந்த பேரனைவிட டிக்கோயாவில் தங்கிய பேரன் ஒரு கட்டத்தில் முன்னே போய்விட்டான் என்று நான் மதிப்பிடுகிறேன். ஆனால் கூலியில் அவன் பின்தங்கினான். 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பெனிகளிடம் போனபின் ஒவ்வொரு சம்பள உயர்வும் மாதக்கணக்கான போராட்டத்தில்தான் வந்தது. 1,000 ரூபாய் நாட்கூலிக்கு 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வீட்டுக் கேள்வி இரு கரையிலும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. நீலகிரியில் பச்சைத் தேயிலை விலை சரிந்த பின் டான்டீ நட்டத்தில் தள்ளாடியது. 2022இல் அதன் நிலத்தில் இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்கும் முடிவை அரசு எடுத்தபோது, ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் வாழ்நாள் முழுதும் குடியிருந்த வீட்டைக் காலி செய்ய வேண்டுமே என்று தவித்தார்கள். நுவரெலியா மாவட்டத்தில் ஏழு பேர்ச் காணியும் இந்திய உதவி வீடுகளும் வந்திருக்கின்றன. ஆனாலும் இன்னும் பல ஆயிரம் குடும்பங்கள் பழைய காம்பிராவிலேயே இருக்கின்றன. மூத்தவள் கொழும்பில் கடையில் நிற்கிறாள், இளையவன் வெளிநாடு போகிறான். காம்பிரா கையை விட்டுப் போகாமல் இருக்க நடுப்பிள்ளையின் பேர் தோட்டத்துச் செக்ரோலில் (பேர்ப் பதிவேட்டில்) இருக்கிறது. கோத்தகிரிப் பக்கத்து டான்டீ வீடுகளிலும், அண்ணனும் தங்கையும் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் போன பின், ஒருவர் மட்டும் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு காலையில் பெரட்டுக்குப் போகிறார்.