அவுரிப் பெட்டியும் 2008 ஜனவரியும்

டாலிகஞ்ச் மெட்ரோ நிலையத்திலிருந்து வெளியே வந்து நடந்தால் ஒரு நீண்ட மதில் கூடவே வருகிறது. உள்ளே கோல்ஃப் திடல். 1895 முதல் அது டாலிகஞ்ச் கிளப். அதற்கு முன்பு அவ்விடம் ரிச்சர்ட் ஜான்சன் என்னும் ஆங்கிலேயரின் தோட்ட வீடாகவும், கிளப்பார் சொல்லும் வரலாற்றின்படி அவுரித் தோட்டமாகவும் இருந்தது. பின்னர் திப்பு சுல்தானின் குடும்பத்தார் அங்கே வாழ்ந்தனர். 1806இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த பிறகு, கும்பினியார் அக்குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பியதை நாமறிவோம். இப்பகுதியின் பிரின்ஸ் அன்வர் ஷா சாலை அந்த வம்சத்தின் பெயரையே தாங்கி நிற்கிறது.

வேலூர்த் தொடர்பைப் பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன். இன்று என் அக்கறை அவுரியின்மீது. உயிரி எரிபொருளுக்கு வழங்கப்படும் நிலைத்தன்மைச் சான்றிதழ் பற்றிய என் ஆய்வில் அவுரி ஏன் வருகிறது என்று நண்பர்கள் சிலர் கேட்டிருந்தனர். இது அவர்களுக்கான பதில்.

கல்கத்தா ஏலத்தில் அவுரி வாங்கியவர் கட்டியை உடைத்துப் பார்த்தார். நிறம், எடை, உடையும் தன்மை ஆகியவற்றை வைத்துத் தரம் பிரித்தார். அந்தத் தரப்பிரிப்பு நுட்பமானது, நேர்மையானதும்கூட. ஆனால் அது கட்டியைப் பற்றிய சான்று மட்டுமே. நதியா, ஜெசோர் வயல்களில் அந்தச் செடி எவ்வாறு விளைந்தது என்பதைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்லவில்லை. அங்கே 'தாதன்' என்னும் முன்பணத்தை வாங்கிய குடியானவர் நெல்லுக்குரிய நல்ல நிலத்தில் அவுரி விதைக்க வேண்டியிருந்தது. அறுத்த செடியைச் சங்கிலியால் கட்டளந்து, தோட்டத்துரையின் ஆள் கணக்கு எழுதினார். தந்தையின் கடன் மகனுக்கு இறங்கியது. எழுதப்படாத முத்திரைத்தாளில் ஒப்பம் வாங்கிக்கொள்வதும் உண்டு.

1859இல் குடியானவர்கள் விதைக்க மறுத்தனர். மறு ஆண்டு அரசு அமைத்த அவுரி ஆணையம், சீட்டன் கர் தலைமையில் 134 பேரை விசாரித்தது. அவர்களில் 77 பேர் குடியானவர்கள். ஏலச்சந்தை ஒருபோதும் கேளாத கேள்வியை, அதாவது இச்சரக்கு எந்த நிலத்தில், யாருடைய சம்மதத்தோடு விளைந்தது என்பதை, ஆணையம் கேட்டு எழுதி வைத்தது. இன்றைய சான்றிதழ்த் தணிக்கைக்கு நான் வகுக்கும் மரபுவரிசையில் இதற்கே முதலிடம். ('நீல் தர்ப்பண்' நாடகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டதற்காகப் பாதிரியார் ஜேம்ஸ் லாங் 1861இல் ஒரு மாதம் சிறை சென்றதும் நினைவிருக்கட்டும். கேள்வி கேட்பது அப்போதும் இலவசமாக இல்லை.)

விளைவு என்ன? கீழ் வங்காளத்தில் அவுரி ஒடுங்கியது; பீகாரில் விரிந்தது. சம்பாரணில் 20 கட்டா நிலத்துக்கு 3 கட்டா அவுரி என்னும் தீன்காதியா முறை 1917இல் காந்தி அங்கு செல்லும்வரை நீடித்தது. ஓரிடத்தில் கேட்கப்பட்ட கேள்வி தீங்கை அழிக்கவில்லை; இடம் மாற்றியது. இன்றைய உயிரி எரிபொருள் விவாதத்தில் 'மறைமுக நிலப்பயன்பாட்டு மாற்றம்' என்று பேசப்படுவதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குச் சம்பாரண் நினைவுக்கு வருகிறது.

கல்கத்தாவில் அதே ஆண்டுகளில் மற்றொரு கருத்தும் சட்ட வடிவம் பெற்றது. 1861இல் கானிங் பிரபு தரிசு நிலங்களை விற்பதற்கான தீர்மானத்தை வெளியிட்டார். அத்தகைய நிலங்களின்மீது எழும் உரிமைக் கோரிக்கைகளை விசாரிக்க 1863இல் தனிச் சட்டம் வந்தது. வரி செலுத்தாத நிலம், எவருக்கும் பயன்படாத நிலம் என்று இரண்டும் ஒன்றாகக் குழைக்கப்பட்டன. நம் ஊர்களில் 'புறம்போக்கு', 'தரிசு' என்னும் சொற்கள் இன்று ஏறக்குறைய வசைச்சொற்களாகிவிட்டதற்குப் பின்னே இந்த வருவாய்த்துறைப் பார்வை இருக்கிறது. ஆடு மேய்வதும் விறகு வெட்டுவதும் பதிவேட்டின் எந்தக் கட்டத்திலும் ஏறவில்லை.

இந்தச் சொல்லே 2003இல் காட்டாமணக்குத் திட்டத்தின் அடித்தளமாயிற்று. திட்டக்குழுவின் குழு 1 கோடியே 34 இலட்சம் எக்டேர் நிலத்தைக் காட்டாமணக்குக்கு ஏற்றதாகக் கணக்கிட்டது. 2009ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கையும் தரிசு, தரங்குன்றிய நிலம் என்ற மொழியிலேயே பேசியது. தமிழகத்தில் நிகழ்ந்தது வேறு. கோவை, திருவண்ணாமலை மாவட்டங்களில் ஆரிசா-மொண்டோபியோ, லெலே ஆகியோர் செய்த ஆய்வு, செடி தனியார் விளைநிலங்களில் ஏறி உணவுப் பயிரையும் தீவனத்தையும் இடம்பெயர்த்ததையும், விளைச்சல் வாக்களித்ததைவிட மிகக் குறைவாக இருந்ததையும் காட்டியது. சாத்தூர்ப் பகுதியில் ஜெனிஃபர் பாகா செய்த களப்பணி எனக்கு இன்னும் முக்கியமானது. 'வெற்று நிலம்' எனப்பட்ட இடத்தில் சீமைக்கருவேலம் நின்றது; அதை வெட்டி, மூட்டம் போட்டுக் கரியாக்கி, விறகாக விற்று வாழ்ந்த மக்கள் இருந்தனர். அவரும் பெய்லிஸும் போட்ட கணக்கின்படி, அந்த விறகுப் பொருளாதாரம் தந்த பயனுறு ஆற்றல் காட்டாமணக்கு டீசல் தருவதைப்போல் 2.5 முதல் 10 மடங்கு. சீமைக்கருவேலத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. நிலத்தடி நீர் குறித்த குற்றச்சாட்டுகள் இருக்கவே செய்கின்றன. எனினும் ஓர் எரிபொருளை அழித்து அதனினும் குறைந்த எரிபொருளை நடுவதற்கு 'தரிசு' என்ற சொல் போதுமானதாக இருந்தது.

இனிச் சான்றிதழுக்கு வருவோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு புதுப்பிக்கத்தக்க ஆற்றல் நெறிமுறை, மூலப்பொருள் விளைந்த நிலம் 2008 ஜனவரியில் என்னவாக இருந்தது என்று கேட்டது. காடு, சதுப்பு, உயிர்வளமிக்க புல்வெளி எனில் தகுதி இல்லாதிருந்தது. அதே நெறிமுறையின் பின்னிணைப்பில் ஒரு சலுகையும் இருந்தது. கடுமையாகச் சீரழிந்த நிலத்தை மீட்டுப் பயிரிட்டால், உமிழ்வுக் கணக்கில் மெகாஜூலுக்கு 29 கிராம் கழித்துக்கொள்ள முடிந்தது. ஒப்பீட்டுக்கு அது வைத்திருந்த புதைபடிவ எரிபொருளின் அளவே 83.8 கிராம்தான் என்பதால் இது பெருஞ்சலுகையாக இருந்தது. நிபந்தனை: அந்நிலம் 2008 ஜனவரியில் வேளாண்மைக்கோ வேறெந்தச் செயலுக்கோ பயன்பட்டிருக்கக் கூடாது. வேறெந்தச் செயலும்! விறகு வெட்டுவது செயலா, அன்றா? வருவாய்ப் பதிவேட்டைப் புரட்டும் தணிக்கையாளருக்கு அங்கே வெற்றிடமே தென்படும்.

இவ்விடர்ப்பாட்டை அறியாதவர்கள் அல்லர் விதி வகுத்தோர். 2007இல் லோசானில் தொடங்கிய ஆர்.எஸ்.பி. வட்டமேசை தன் 12 கோட்பாடுகளில் நில உரிமை, தொழிலாளர் உரிமை, உள்ளூர் உணவுப் பாதுகாப்பு ஆகியவற்றையும் சேர்த்தது. ஆனால் 2011இல் ஐரோப்பிய ஆணையம் முதல் தொகுதியாக அங்கீகரித்த ஏழு திட்டங்களில் அது ஒன்று மட்டுமே. நெறிமுறையின் கட்டாய அளவுகோல்களில் சமூகக் கேள்விகள் இடம்பெறவில்லை. ஏழும் ஒரே சந்தைக்கு வாயில் எனும்போது உற்பத்தியாளர் கடினமான வாயிலை ஏன் தேட வேண்டும்? 2016இல் ஐரோப்பியத் தணிக்கையாளர் மன்றமே, ஆணையம் திட்டங்களை அங்கீகரித்தபோது நிலத் தகராறு, கட்டாய உழைப்பு, குழந்தை உழைப்பு ஆகியவற்றைப் போதிய அளவு ஆராயவில்லை என்று அறிக்கையளித்தது.

2025 ஆகஸ்டில் இந்தியன் ஆயிலின் பானிப்பட் ஆலை, பயன்படுத்திய சமையல் எண்ணெயிலிருந்து விமான எரிபொருள் தயாரிப்பதற்கான ஐ.எஸ்.சி.சி. கோர்சியா சான்றைப் பெற்றது. இந்தியாவில் அதுவே முதல். முதற்சான்று கழிவெண்ணெய்க்குக் கிடைத்தது தற்செயலன்று என்பது என் கணிப்பு. கழிவுக்கு நில வரலாறு கேட்கப்படுவதில்லை. எண்ணெய் கொடுக்கும் உணவகம் ஓர் உறுதிமொழிப் படிவத்தில் ஒப்பமிட்டால் சங்கிலி தொடங்கிவிடும். சர்வதேச விமானங்களுக்கு 2027இல் 1 விழுக்காடு, 2028இல் 2 விழுக்காடு என இலக்கு வைத்திருக்கிறோம். கழிவெண்ணெய் தீரும் நாளில் மீண்டும் நிலத்தைத் தேடித்தான் வருவார்கள். அப்போது 2008 ஜனவரி பற்றிய கேள்வியும் கூடவே வரும்.

அதற்குச் சான்று எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் இல்லை, செயற்கைக்கோள் படத்திலும் முழுதாகத் தெரியாது. சாத்தூர், விளாத்திகுளம், இராமநாதபுரம் பக்கங்களில் அந்த ஆண்டு மூட்டம் போட்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1860இல் 77 பேரின் வாய்மொழி ஆவணமானதுபோல் இவர்களுடையதும் ஆக வேண்டும். அப்பகுதிகளைச் சேர்ந்த முதுகலை மாணவர்கள் விருப்பமிருந்தால் எனக்கு எழுதுங்கள். கேள்விப் பட்டியலின் முதல் வரைவு ஆயத்தமாக இருக்கிறது, திருத்தங்கள் தேவைப்படுகின்றன.